பெயர் தெரிந்த ரகசியம்: லண்டன் தடையுத்தரவு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2011ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் வழக்கமாகத் தே தாரிக் குடிக்கும் கடையில் உட்கார இடமில்லை. மென்செஸ்டர் யுனைடெட் தன் சொந்தத் திடலில் பிளாக்பூல் குழுவோடு அப்பருவத்தின் கடைசி லீக் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் சிவப்புச் சட்டை போட்டிருந்தார்கள். ஆனால் அன்றைய பேச்சில் பாதி ஆட்டத்தைப் பற்றியதாக இல்லை. பெயரை வெளியிடக் கூடாது என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் கட்டளையிட்டிருந்த ஓர் ஆட்டக்காரரைப் பற்றியதாக இருந்தது. லண்டன் பத்திரிகைகள் அச்சிட முடியாத அந்தப் பெயரைக் கல்லாவில் இருந்த தம்பி தன் கைப்பேசியில் எனக்குக் காட்டினான். "அண்ணே, இதத்தான் அங்க மறைச்சு வச்சிருக்காங்களாம்" என்று சிரித்தான்.

தமிழ் நாளேடு ஒன்றுக்கு இந்த வட்டாரத்திலிருந்து செய்தி எழுதுவது என் தொழில். யார் பெயரைப் போடுவது, யார் பெயரை விடுவது என்பது எனக்கு அன்றாட வேலை. அதனால் அந்த வழக்கை மற்றவர்கள் மறந்த பிறகும் நான் விடவில்லை. தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். இணையத்தின் முன்னால் நீதிமன்றம் தோற்றுப்போன கதையாகவே அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆணையில் குறை இருந்தது உண்மை. ஆனால் எல்லாரும் சுட்டிக்காட்டிய இடத்தில் அது இல்லை.

நடந்தது என்ன

2011 ஏப்ரல் 14ஆம் தேதி, 'தி சன்' நாளேடு பிரீமியர் லீக் காற்பந்து வீரர் ஒருவருக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றால் அறியப்பட்ட ஒரு பெண்ணுக்கும் தொடர்பிருந்ததாகச் செய்தி வெளியிட்டது. அதில் ஆட்டக்காரரின் பெயர் இல்லை. அன்றே அவருடைய வழக்கறிஞர்கள் உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். நீதிபதி ஈடி இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தார். வழக்கில் அவர் பெயர் 'சி.டி.பி.' என்ற மூன்று எழுத்தாக மாறியது; அவை அவருடைய பெயரின் முதலெழுத்துகள் அல்ல, அடையாளம் தெரியாதிருக்கச் சூட்டிய எழுத்துகள். பெண்ணுக்கு அப்படி எழுத்து எதுவும் தரப்படவில்லை. அவர் தம் சொந்தப் பெயரிலேயே எதிர்த்தரப்பில் நின்றார்.

இந்த ஆணையை அன்றைய பத்திரிகைகள் 'சூப்பர் இன்ஜங்ஷன்' என்று அழைத்தன. நம் தமிழ்ப் பத்திரிகைகளும் அதையே திருப்பி எழுதின, நானும் எழுதினேன். அது தவறு. தடையுத்தரவு ஒன்று இருக்கிறது என்பதைக்கூட வெளியில் சொல்லக் கூடாது என்பதே சூப்பர் இன்ஜங்ஷன். 2009இல், ஐவரி கோஸ்ட் நாட்டில் நச்சுக்கழிவு கொட்டப்பட்ட விவகாரத்தில் டிராஃபிகுரா என்ற எண்ணெய் வணிக நிறுவனம் 'தி கார்டியன்' நாளேட்டின் மீது பெற்றது அந்த வகை. நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்ட ஒரு கேள்வியைக்கூட அந்தப் பத்திரிகை அச்சிட முடியாத நிலை அப்போது வந்தது. ஒரே இரவில் ட்விட்டர் அதை உடைத்தது. காற்பந்து வீரர் பெற்ற ஆணையின் நிலை வேறு. வழக்கு இருப்பது ஊருக்கே தெரியும், தீர்ப்பின் காரணங்கள் பகிரங்கமாக வெளியாயின. மறைக்கப்பட்டது ஆளின் அடையாளம் மட்டும். நியூபெர்கர் பிரபு தலைமையிலான குழு 2011 மே 20ஆம் தேதி வெளியிட்ட அறிக்கை இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்தது. முந்தைய ஆண்டு ஜனவரிக்குப் பிறகு தாங்கள் அறிந்தவரை இரண்டே இரண்டு சூப்பர் இன்ஜங்ஷன்கள்தாம் பிறப்பிக்கப்பட்டன என்றும் அது கூறியது.

மே 8ஆம் தேதி ட்விட்டரில் முகம் தெரியாத ஒருவர், இன்னின்ன பிரபலங்கள் இன்னின்ன ஆணை பெற்றிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். காற்பந்து வீரரின் பெயர் அதில் இருந்தது. ஆணையே பெறாத ஒரு பெண்மணியின் பெயரும், அவர் ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளரோடு தொடர்புடையவர் என்ற பொய்யோடு இருந்தது. அவர் அதே இடத்தில் வந்து மறுக்க வேண்டியதாயிற்று. பட்டியலில் இருந்த சரியான பெயர்களைப் பற்றி உலகம் பேசிய அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இந்தத் தவறான பெயரைப் பற்றிப் பேசவில்லை. இதை மனத்தில் வைத்திருக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சுங்கை சிப்புட்டில் எனக்கு நேர்ந்த ஒன்றைப் பின்னால் சொல்லும்போது இது தேவைப்படும்.

மே 22ஆம் தேதி, கிளாஸ்கோவிலிருந்து வெளிவந்த 'சண்டே ஹெரால்டு' அவருடைய படத்தைக் கண்களின் மேல் ஒரு கறுப்புப் பட்டையோடு முதல் பக்கத்தில் போட்டது. ஸ்காட்லாந்துக்குத் தனி நீதிமுறை உண்டு. லண்டன் ஆணை அங்கே செல்லாது. மறுநாள் எல்லாம் ஒன்றாக நடந்தது. காலையில் பிரதமர் டேவிட் கெமரன், எல்லாரையும் போலத் தமக்கும் பெயர் தெரியும் என்றும், பத்திரிகைகளுக்கு இது நியாயமில்லாத நிலை என்றும் தொலைக்காட்சியில் சொன்னார். ஆணையை நீக்கக் கோரிய பத்திரிகையின் மனுவை நீதிபதி ஈடி நிராகரித்தார். பிற்பகலில் ஜான் ஹெமிங் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் எழுந்து, ஏறக்குறைய 75,000 பேர் ட்விட்டரில் ராயன் கிக்ஸ் என்ற பெயரைச் சொல்லிவிட்டார்கள், அத்தனை பேரையும் சிறையில் போட முடியாது என்றார். அவைத் தலைவர் ஜான் பெர்கோ கண்டித்தார். ஆனால் அவையில் பேசியதற்காக எந்த நீதிமன்றமும் ஹெமிங்கைத் தொட முடியாது. 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் தந்த பாதுகாப்பு அது. நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 63ஆவது விதி நம் உறுப்பினர்களுக்கும் ஏறத்தாழ அதே காப்பைத் தருகிறது.

2012 பிப்ரவரியில் ஆட்டக்காரர் தரப்பே பெயர் மறைப்பை விட்டுக்கொடுத்தது. அதனால்தான் அந்தப் பெயரை இங்கே எழுதுகிறேன்.

பெயர் சொல்லப்பட்ட பிறகும் ஆணை ஏன் நின்றது

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஹெமிங் பேசி முடித்த பிறகு நடந்தது. பத்திரிகை தரப்பு அன்றே மீண்டும் நீதிமன்றத்துக்குப் போனது. பெயர் நாடாளுமன்றப் பதிவேட்டிலேயே ஏறிவிட்டது, இனி எதற்கு ஆணை என்பது அவர்கள் வாதம். நீதிபதி டுகென்தட் மறுத்தார். ரகசியத்தைக் காப்பதுதான் ஆணையின் நோக்கம் என்றால் அது தோற்றுவிட்டது. ஒருவருடைய குடும்பத்தின் மீது ஊடகம் வந்து விழுவதைத் தடுப்பது நோக்கம் என்றால் அது தோற்கவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். இத்தனை ஆயிரம் பேர் பெயரைச் சொன்னது, அந்தக் குடும்பத்துக்குப் பாதுகாப்பு தேவை என்பதையே காட்டுகிறது என்று அவர் அதைத் திருப்பிப் போட்டார்.

இதைக் கல்லாத் தம்பியிடம் ஒருநாள் சொன்னேன். "உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமாண்ணே?" என்று கேட்டான். அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் ஊர் வாயை மூடுவது அந்த ஆணையின் வேலையே அல்ல. கடையில் நாலு பேர் பேசுவது ஒன்று. அதே விஷயம் படத்தோடு முதல் பக்கத்தில் அச்சாகி, காலையில் பள்ளிக்கூட வாசலில் இருக்கும் பத்திரிகைக் கடையில் தொங்க, அந்த ஆளின் பிள்ளை அதைக் கடந்து வகுப்புக்குப் போவது வேறொன்று. இரண்டு இடத்திலும் உள்ள பெயர் ஒன்றுதான், ஆனால் காயம் ஒன்றில்லை. வதந்திக்கும் செய்திக்கும் உள்ள தூரத்தைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லயத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். இருந்தாலும் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று மேற்பார்வையாளரான மண்டோர் அதை உரக்கச் சொன்னால் அன்றைக்கே அந்தக் குடும்பம் மூட்டை கட்டிவிடும்.

ஐந்து ஆண்டு கழித்து, 2016 மே 19ஆம் தேதி, பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் இந்தத் தர்க்கத்தை உறுதி செய்தது. 'பி.ஜே.எஸ்.' என்று மட்டும் அறியப்படும் ஒரு பொழுதுபோக்குத் துறைப் பிரபலத்தைச் சார்ந்த வழக்கு அது. அமெரிக்க இதழ் ஒன்று பெயரைப் போட்டுவிட்டது, ஸ்காட்லாந்திலும் வந்துவிட்டது, இணையத்தில் தேடினால் கிடைத்தது. இனி தடையில் பொருளில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏப்ரலில் ஆணையை நீக்கியிருந்தது. உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. பெரும்பான்மையின் சார்பில் மேன்ஸ் பிரபு எழுதினார். டௌல்சன் பிரபு மட்டும் உடன்படவில்லை. எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்ப்பது போதாது, பத்திரிகைகள் கட்டவிழ்த்துவிடப்பட்டால் அந்தக் குடும்பத்தின் மேல், குறிப்பாகச் சிறு பிள்ளைகள் மேல், விழும் சுமை எந்த வகையானது என்று பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் அடிப்படை. படுக்கையறைக் கதையை அச்சிடுவதில் மட்டும் பொதுநலன் எதுவும் இல்லை என்றும் நீதிமன்றம் கூறியது.

அந்தப் பெயரும் எனக்குத் தெரியும். லண்டன் ஆணை என்னைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எழுதமாட்டேன், ஆய்வுக்கு அது தேவையில்லை என்பதே போதுமான காரணம்.

யாருக்கு எழுத்து, யாருக்குப் பெயர்

ஆணையின் உண்மையான குறைக்கு வருகிறேன். 2011 மே 16ஆம் தேதி நீதிபதி ஈடி எழுதிய காரணங்களில், அப்போது அவர் முன் இருந்த சாட்சியத்தின்படி ஆட்டக்காரர் மிரட்டிப் பணம் கேட்கப்பட்டார் என்ற வலுவான தோற்றம் இருப்பதாகக் குறிப்பிடப்பட்டது. ஆட்டக்காரருக்கு மூன்று எழுத்து இருந்தது; பெண்ணுக்குத் தம் முழுப் பெயரும் முகமும்தான் இருந்தன. மிரட்டினார் என்ற சொல் நேராக அவர் தலையில் போய் உட்கார்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், அப்படிப் பழி சுமத்த அடிப்படை இல்லை என்று ஆட்டக்காரர் தரப்பே நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்டது. ஏழு மாதம் அவர் அந்தப் பழியோடு நடமாடினார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது தேவைக்கு மேல் எழுதப்பட்டாகிவிட்டது.

பெயர் மறைப்பு ஆணை பிரபலங்களுக்கும் பணக்காரர்களுக்கும் மட்டுமே என்று சொல்லப்படும் குறையைவிட இது ஆழமானது என்று கருதுகிறேன். ஒரே நிகழ்வில் இரண்டு பேர் இருக்கும்போது ஒருவரை மட்டும் மறைத்தால், மறைக்கப்பட்டவரைத் தேடும் கண்ணெல்லாம் மற்றவர் மீது போய் நிற்கும். ஒருவருக்குக் குடை பிடித்தால் குடையிலிருந்து வடியும் நீரும் பக்கத்தில் நிற்பவர் மேல்தான் விழும். தற்காலிகச் சாட்சியத்தை வைத்து எழுதும் இடைக்காலத் தீர்ப்பில், பெயர் தெரிந்தவரைப் பற்றி இத்தகைய ஒரு வாசகத்தை எழுதும்போது நீதிமன்றம் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில்

மலேசியாவில் பிரபலம் ஒருவர் இப்படி ஓர் ஆணை கேட்டால் எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பார்? தனிமனித அந்தரங்கம் என்று தனியாக ஒரு பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. 2010இல், சிவராசா இராசையாவுக்கும் வழக்கறிஞர் மன்றத்துக்கும் இடையிலான வழக்கில் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் எழுதிய கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு, அரசமைப்பின் 5ஆவது விதியில் உள்ள தனிமனிதச் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்றது. ஆனால் அது அரசுக்கு எதிரான உரிமை. பக்கத்து வீட்டுக்காரருக்கோ பத்திரிகைக்கோ எதிராக அது எவ்வளவு தூரம் போகும் என்பதில் நம் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசியதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 15ஆவது பிரிவு, வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றோடு அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'எந்த விவரத்தையும்' என்பதுதான் எங்களைப் போன்ற தோட்டப்புறச் செய்தியாளர்களுக்கு முக்கியம். கோலாலம்பூரில் 'பன்னிரண்டு வயது மாணவி' என்றால் ஆயிரம் பேர். இங்கே தோட்டத்தின் பெயரையும் அப்பாவின் வேலையையும் சேர்த்து எழுதினால் ஒரே ஒரு பிள்ளைதான். பெயரை விட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் மற்றதையெல்லாம் எழுதிவிடும் பழக்கம் இன்னும் எங்களிடம் இருக்கிறது.

பிரபலங்கள் கேட்ட வாய்ப்பூட்டு ஆணைகளில் நம் நாட்டில் பெரிதாகப் பேசப்பட்டது 2018இல் வந்தது. முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் ஜூலை 4ஆம் தேதி குற்றஞ்சாட்டப்பட்டபோது, வழக்கின் தன்மையைப் பற்றி யாரும் பொதுவெளியில் விவாதிக்கக் கூடாதென்று அவர் தரப்பு கேட்டுத் தற்காலிக ஆணையும் பெற்றது. ஆகஸ்ட் 10ஆம் தேதி நீதிபதி நஸ்லான் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தார். அது பெயரை மறைக்கக் கேட்ட ஆணை அல்ல, பேச்சை நிறுத்தக் கேட்ட ஆணை. வெளிப்பேச்சு ஜூரிகளின் (பொதுமக்களிலிருந்து தேர்ந்த நடுவர்களின்) மனத்தைப் பாதிக்கும் என்ற காரணம் இங்கே எழாது; ஜூரி முறை 1995ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முற்றாக ஒழிந்துவிட்டது. ஜூரி இருக்கும் ஆஸ்திரேலியாவில் கதை வேறு: 2018 டிசம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல் ஜார்ஜ் பெல் பாலியல் குற்ற வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானதையே வெளியிட முடியாதபடி விக்டோரியா மாநில நீதிமன்றம் தடுத்திருந்தது. இன்னொரு விசாரணையின் ஜூரிகள் பாதிக்கப்படக் கூடாது என்பது காரணம். வெளிநாட்டு ஊடகங்கள் எழுதிவிட்டன. பெயர் சொல்லாமல் சாடைமாடையாக எழுதிய உள்நாட்டு நிறுவனங்கள் பன்னிரண்டுக்கு 2021இல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அபராதம் விழுந்தது. பெல் 2020 ஏப்ரலில், ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளாலும் ஒருமனதாக விடுதலை செய்யப்பட்டிருந்தார்.

மறைக்க வேண்டியது எது, மறைக்கக் கூடாதது எது என்பதற்கு எனக்குப் பிடித்த கோடு தமிழ்நாட்டிலிருந்து வந்தது. 1994இல், மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவதைச் சிறை அதிகாரிகள் தடுக்க முயன்ற வழக்கில், ஒருவருடைய குடும்பமும் திருமணமும் அவருடையவை, ஆனால் அரசு அதிகாரி தம் பணியில் செய்ததைப் பற்றி எழுதுவதை முன்கூட்டியே தடுக்க முடியாது என்ற கருத்தை இந்திய உச்ச நீதிமன்றம் வைத்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கோயில் தலைவரின் வீட்டுச் சண்டை அவருடையது. கோயில் உண்டியல் கணக்கு ஊருடையது.

இந்த ஊர்க் கணக்கில் இப்போது புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களும் சேர்ந்துவிட்டன. சாட்சியச் சட்டத்தில் 2012இல் நடைமுறைக்கு வந்த 114ஏ பிரிவு, ஒரு பதிவில் நிர்வாகியாக யார் பெயர் தெரிகிறதோ அவரே அதை வெளியிட்டவர் என்று கருதத் தொடங்குகிறது; இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. 2021 பிப்ரவரி 19ஆம் தேதி, வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி என்ற இணையச் செய்தி நிறுவனம் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று கூட்டரசு நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்து 500,000 வெள்ளி அபராதம் விதித்தது. மாறுபட்ட ஒரே நீதிபதி நளினி பத்மநாதன். பிறர் எழுதியதற்கு இடம் தந்தவரே பதில் சொல்ல வேண்டும் என்றான பிறகு, கோயில் திருவிழாவுக்காகத் தொடங்கிய குழுவின் நிர்வாகி தம் கைப்பேசியைக் கொஞ்சம் பயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. அந்தக் கல்லாத் தம்பி இன்று அப்படி மூன்று குழுக்களுக்கு நிர்வாகி.

மூன்று தலைவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன், இவ்வட்டாரத்தில் ஒரு முன்னாள் கோயில் தலைவரின் குடும்பத் தகராறு நீதிமன்றம் வரை வந்தது. நீதிபதி எந்தப் பெயர் மறைப்பு ஆணையும் போடவில்லை. பணமோ கணக்கோ சம்பந்தப்படாத வீட்டு விஷயம் என்பதால் நானாகவே பெயரை விட்டு, 'முன்னாள் ஆலயத் தலைவர் ஒருவர்' என்று எழுதினேன். செய்தி வந்த நாளில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஒரு பெரியவர் கடைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பால்மரம் வெட்டித் தேய்ந்த விரல்களால் பத்திரிகையை மடித்து, அந்தச் செய்தி மட்டும் தெரியும்படி மேசையில் வைத்தார். "தம்பி, நீ எழுதுன அந்தத் தலைவர் நானா?" என்று கேட்டார். இல்லை ஐயா என்றேன். "எனக்குத் தெரியும் நான் இல்லேன்னு. எம் மருமவளுக்குத் தெரியாது. புலனத்துல எம் படத்தப் போட்டு அனுப்பியிருக்கானுங்க." இந்த ஊரில் முன்னாள் தலைவர்கள் என்று உயிரோடு இருப்பவர்கள் மூன்று பேர். நான் ஒருவருடைய பெயரை மறைத்தேன். அதன் விலையை மற்ற இருவரும் கொடுத்தார்கள். லண்டன் பட்டியலில் பொய்யாகச் சேர்க்கப்பட்ட பெண்மணியாவது தம் பெயரிலேயே மறுக்க முடிந்தது.

அவர் கேட்டது நியாயமான ஒன்றுதான். "அது நான் இல்லேன்னு எம் பேரப் போட்டு நாளைக்கு ஒரு வரி போட்டுரு தம்பி." ஆசிரியரிடம் பேசினேன். ஒருவர் அல்லர் என்று அச்சிட்டால் மீதி இரண்டு பேர். அடுத்தவரும் வந்து கேட்டால் ஒரே ஒருவர். வாரக் கடைசி வரை யோசித்துவிட்டு அந்த வரியைப் போடவில்லை. நானே அவர் வீட்டுக்குப் போய், மருமகளை உட்கார வைத்து, உங்கள் மாமனார் அல்லர் என்று சொன்னேன். அந்தப் பெண் தலையை ஆட்டினார், தே போட்டுக் கொடுத்தார். பெரியவர் வாசல்வரை வந்து, "புலனத்துல இருக்கிறவனுங்க எல்லா வீட்டுக்கும் இப்படிப் போவியா?" என்று கேட்டார். அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு அவர் கோயிலுக்கு வரவில்லை.